தேன்கூட்டைக் கழற்றிய கதை

கோபாலபுரம் என்று சொன்னால் இங்கே கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களில் பாதிப்பேர் "ஓ, கலைஞர் வீட்டுப் பக்கமா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லைங்க, அது சென்னைக் கோபாலபுரம். நம்முது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற ரோட்டில் இருக்கும் செக்போஸ்ட் கோபாலபுரம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. அந்தப் பக்கத்திலும் தமிழ்தான், கொஞ்சம் மலையாளம் தூவியிருக்கும், அவ்வளவே. அந்தக் காலத்தில் பொள்ளாச்சி மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது, சித்தூர் தாலூகா கொச்சி ராஜாவின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு அதுவே இரண்டு மாநிலங்களின் எல்லை ஆகிவிட்டது. ராஜாக்கள் போனார்கள், சாவடி மட்டும் போகவில்லை.

எல்லைக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம் என்பது சின்ன வயசிலேயே புரிந்துவிடும். இன்றைக்குச் சொல்லப்போகும் கதையும் அப்படிப்பட்ட ஒரு கோட்டைப் பற்றியதுதான். ஆனால் அது மேப்பில் இல்லாத கோடு, பெட்ரோல் போட்ட கோடு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. இரண்டே சீட்டு, கூரையை மடக்கி வைக்கலாம், 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைசக்தி. இந்தக் காலத்து குடும்பக் கார்கள் எல்லாம் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனாலும் வளைவில் இது போகிற அழகே தனி. தங்கமணி இதற்கு வைத்திருக்கும் பெயர் "உங்க சின்ன வீடு". வாரம் முழுக்க ஆணி பிடுங்கிவிட்டு, சனிக்கிழமை காலையில் அதன் அடியில் படுத்துக் கிடப்பதுதான் என் யோகாசனம் :-)

கலிபோர்னியாவில் 1976-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. (புதுக் கார்களுக்குச் சில வருடம் விலக்கு.) என் வண்டி மாதிரிக் கிழடுகளை, பெரிய நகரங்கள் இருக்கும் பகுதிகளில், உருளைகள் மேல் ஏற்றி 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓடவிட்டு, பின்னால் குழாய் சொருகி அளப்பார்கள். எரியாத பெட்ரோல், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்று மூன்று எண்கள் வரும். போன முறை மூன்றிலும் என் கார் ஃபெயில். கேடலிடிக் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்றார் சோதித்தவர். இந்த மாநிலத்தின் அங்கீகாரம் பெற்ற புதுசுதான் போடவேண்டும், பழசை வாங்கிப் பொருத்தக் கூடாது. கூலியோடு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குச் சொன்னார்.

கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் சிரித்தார். "எதுக்குங்க அந்தப் பெட்டி? கழட்டிக் கடாசிட்டு நேர்க்குழாய் போடுங்க. நூறு டாலர்கூட ஆகாது. சத்தம் நல்லா வரும், பத்துக் குதிரை கூடும். சோதனை வர்றப்ப மட்டும் பழைய பெட்டிய மாட்டிக்கலாம்." என் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் எஞ்சினை ஒட்டி, பெட்டிக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் சென்சார் கிடையாது. பெட்டி இருக்கிறதா இல்லையா என்று காருக்கே தெரியாது. நான்கு போல்ட், ஒரு மணி நேர வேலை.

எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அதோடு இன்னொன்றும் வந்தது. இந்த வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேனே என்கிற ஞாபகம். கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கொள்ளுங்கள்.

*

1996 கோடை விடுமுறை. மெட்ராஸ் சென்னை ஆன வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாமா (அம்மாவின் தம்பி) ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஓலைக் கொட்டகை, ஒரு குழி, ஒரு கேஸ் வெல்டிங் செட், சுவரில் வரிசையாக ஸ்பேனர். பக்கத்திலேயே அம்மாயியின் டீக்கடை. சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கேரளாவுக்குப் போகிற காய்கறி, அரிசி, மாடு எல்லாம் காகிதம் காட்ட நின்றாக வேண்டும். எஞ்சினை அணைக்காமலே நிற்பார்கள். அந்தப் புகையில்தான் அம்மாயி டீ ஆற்றும்.

ஒரு நாள் சென்னைப் பதிவு போட்ட புது மாருதி ஒன்று வந்து நின்றது. குருவாயூர் போகிற குடும்பம். வண்டி இழுக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றார் ஓட்டி வந்தவர். மாமா கீழே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. இந்தப் பொட்டிதான் அடைச்சிருக்குது. இங்கத்த பெட்ரோல் இதுக்கு ஒத்துக்காது. கழட்டிடலாங்களா?"

கழற்றினோம். பெட்டியின் ஒரு முனையை வெட்டி, உள்ளே இருந்த பீங்கான் கட்டியைக் கம்பியால் குத்தி உடைத்து எடுத்து, வெறும் கூட்டை மறுபடி வெல்டிங் வைத்து மாட்டிவிட்டார் மாமா. வெளியே பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே காலி. டார்ச் பிடித்தது நான். வண்டி சீறிக்கொண்டு போனது. மாமா அன்று எனக்கு ஒரு ஹீரோ.

உடையாமல் தப்பிய ஒரு துண்டு எனக்குப் பரிசாகக் கிடைத்தது. தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். பழைய இரும்பு எடுக்கிறவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். ரீஃபில்களைச் சொருகி வைக்க நன்றாக இருக்கும் என்று மேசையில் வைத்துக்கொண்டேன். அதன் மேல் பூசியிருந்தது பிளாட்டினம் என்பது எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் மட்டும் அப்படி மூன்று நான்கு வண்டிகள். எல்லாம் பெருநகரப் பதிவு எண்கள். உள்ளூர் வண்டி ஒன்றுக்குக்கூட அந்த நோய் வரவில்லை. ஏன் என்று அன்று யோசிக்கத் தோன்றவில்லை. முப்பது வருடம் கழித்து, என் காருக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

கதை 1921-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின்களில் 'நாக்கிங்' பெரிய தொல்லை. பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைச் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி கலந்தால் தட்டல் நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார். ஈயம் விஷம் என்பது ரோமாபுரி காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. 1924-ல் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். மிட்ஜ்லிக்கே ஈய விஷம் ஏறியது. இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகத்துப் பெட்ரோல் எல்லாம் ஈயப் பெட்ரோல்தான்.

இரண்டாவது இழை லாஸ் ஏஞ்சல்ஸில். 1943 ஜூலையில் ஒரு நாள் நகரத்தைக் கண் எரிச்சல் புகை மூடியது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூட வதந்தி. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர், கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மிட் என்கிற டச்சு வேதியியலாளர். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கார்க் கம்பெனிகள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஆள் யூஜின் ஹூட்ரி, பிரெஞ்சுக்காரர். கச்சா எண்ணெயை வினையூக்கி வைத்து உடைத்து நல்ல பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டவர். இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானங்கள் பறந்த எரிபொருளில் அவர் பங்கு பெரியது. லாஸ் ஏஞ்சல்ஸ் புகையைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதே வினையூக்கியைப் புகைக்குழாயிலும் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1950-களில் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் காரில் மாட்டினால் கொஞ்ச நாளில் செத்துவிடும். காரணம் ஈயம். பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்துவிட்டால் அதன்பின் எந்த வாயுவும் அதைத் தொடமுடியாது. சுண்ணாம்பு பூசிய கண்ணாடியில் முகம் பார்ப்பது போலத்தான். கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் மாதிரியான வண்டிகளோடு அது நின்றுபோனது. தன் பெட்டி ரோட்டுக் கார்களில் ஏறுவதைப் பார்க்காமலே 1962-ல் ஹூட்ரி காலமானார்.

ஆக, மருந்து 1950-களிலேயே ரெடி. அதை வேலை செய்யவிடாத விஷம் பெட்ரோலில் இருந்தது. இதுதான் முடிச்சு.

முடிச்சை அவிழ்த்தது அறிவியலைவிடச் சட்டம்தான். பூமியின் வயது சுமார் 455 கோடி வருடம் என்று கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், ஈயத்தை அளக்கும்போது எங்கே பார்த்தாலும் ஈயக் கலப்படம் இருப்பதைக் கண்டு திகைத்து, 1965-ல் அதை எழுதினார். 1970 கடைசி நாளில் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், சில வருடங்களுக்குள் புகையை 90 சதவீதம் குறை என்றது. வேறு வழியில்லாமல் கம்பெனிகள் ஹூட்ரியின் பெட்டிக்குத் திரும்பின. கார்னிங் கம்பெனியின் பேக்லி, லாக்மன், லூயிஸ் என்ற மூன்று பேர் பீங்கானை இடியாப்பம் பிழிவது மாதிரி பிழிந்து தேன்கூடாக்கும் வழியைக் கண்டார்கள். என் மேசையில் இருந்த துண்டு அந்தப் பரம்பரைதான். 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் பெட்டி வந்தது. அதற்கு முன்னதாகவே, 1974-ல், பெட்ரோல் பங்குகளில் ஈயமில்லாப் பெட்ரோல் வைத்தாகவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். தப்பித் தவறி ஈயப் பெட்ரோல் போடாமல் இருக்க, புதுக் கார்களின் டேங்க் வாயையும் சின்னதாக்கினார்கள்.

முதலில் மருந்துக்குத் தோதான பெட்ரோல், அப்புறம் மருந்து. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

அப்படியும் அமெரிக்காக்காரன் பெட்டியைக் கழற்றாமல் இல்லை. ஈயப் பெட்ரோல் சில காசு மலிவு. அதற்காகச் சின்ன வாயைக் குத்திப் பெரிதாக்கி ஊற்றியவர்கள் ஏராளம். 1977-ல் மெக்கானிக் கடைகள் இதைத் தொடக்கூடாது என்று சட்டத்தை நீட்டினார்கள். 1990-ல் சொந்தக்காரரே கழற்றினாலும் தப்பு என்று ஆக்கினார்கள்.

"பெட்டியைக் கழற்றினால் பவர்" என்கிற நம்பிக்கையும் அப்போது பிறந்ததுதான். அமெரிக்காவின் பேர்போன ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். 1970-ல் அதன் சாதாரண எஞ்சினுக்கே 300 குதிரை என்று விளம்பரம். 1975-ல் பெட்டியோடு வந்தபோது 165 குதிரைதான். பார்த்தவன் என்ன நினைப்பான்? பெட்டி பாதிக் குதிரையைத் தின்றுவிட்டது என்றுதானே? ஆனால் நடுவில் 1972-ல் குதிரையை அளக்கும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் எஞ்சினைத் தனியே எடுத்து, விசிறி, சைலன்சர் ஏதுமில்லாமல் அளப்பார்கள். பிறகு காரில் இருக்கிற நிலையிலேயே அளந்தார்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தையும் குறைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டியும் புகைக்கு வழிவிடாத முரட்டுப் பெட்டிதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியும் கண்ணுக்குத் தெரிந்த பெட்டிமேல் விழுந்தது.

1977 மாடலில் வால்வோ கலிபோர்னியாவுக்கு ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து, பெட்ரோல் அளவை நொடிக்கு நொடி திருத்தும் சென்சார். அதோடு மூன்று நச்சையும் ஒரே பெட்டியில் மாற்றும் வினையூக்கி. கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகும், எரியாத பெட்ரோல் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகும், நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜன் ஆகும். என் மியாட்டாவில் இருப்பதும் இந்த ஏற்பாடுதான். தேன்கூடு நல்ல விசாலமாகிவிட்டதால் இதைக் கழற்றினால் கிடைப்பது சொற்பக் குதிரைதான். நண்பர் சொன்ன பத்தில் பெரும்பகுதி காதுக்குக் கேட்கும் குதிரை :-)

ஆனால் சத்தத்தின் மயக்கம் எனக்குப் புரியும். எங்கள் பக்கம் ரேஸ் பைத்தியத்துக்குப் பஞ்சமே கிடையாது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை வடிவமைத்த கரிவர்தன் கோயமுத்தூர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையம் பந்தயத் தளம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயனும் கோயமுத்தூர்தான். நேர்க்குழாயின் அலறல்தான் நிஜமான காரின் குரல் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள். பந்தயத் தளத்துக்குள் அது சரி. தெருவுக்கு வரும்போதுதான் வம்பு.

*

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். டெல்லியின் காற்றைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாகப் பல உத்தரவுகள். 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம். அதே நாளில் அந்த நகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது.

மற்ற ஊர்களுக்கு? பிறகு. 1997-ல் நாடு முழுக்க ஈயத்தின் அளவைக் குறைத்தார்கள். ஆனால் குறைந்த ஈயமும் பிளாட்டினத்துக்கு விஷம்தான். 1998 முடிவுக்குள் மாநிலத் தலைநகரங்களுக்கும் பெரிய நகரங்களுக்கும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் இந்தியா முழுவதும் ஈயம் ஒழிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1995-லிருந்து 2000 வரை ஏறக்குறைய ஐந்து வருடம். சென்னையில் வாங்கிய கார் சென்னைக்குள் ஓடினால் பிரச்சினை இல்லை. ஆனால் கார் வாங்குவதே ஊருக்குப் போகத்தானே? பழனிக்கும் குருவாயூருக்கும் மாமியார் வீட்டுக்கும் போகிற வண்டி வழியில் எதைக் குடிக்கும்? எங்கள் பக்கத்து பங்குகளில் இருந்தது ஈயப் பெட்ரோல்தான். நாலைந்து டேங்க் அதைப் போட்டாலே பெட்டியின் கதை கந்தல். அமெரிக்காவில் மருந்துக்குத் தோதான பெட்ரோலை முதலில் கொடுத்தார்கள். நமக்கு மருந்தைக் கட்டி அனுப்பிவிட்டு, ஊர் எல்லை தாண்டினால் விஷத்தை ஊற்றினார்கள்.

நான் சொன்ன பெட்ரோல் கோடு இதுதான். மாமா ஓர் எல்லையில் உட்கார்ந்துகொண்டு, தனக்கே தெரியாத இன்னொரு எல்லையின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். செத்துப்போன வினையூக்கியை வண்டியில் வைத்திருந்தும் காற்றுக்குப் பிரயோசனம் இல்லை. அன்றைய நிலையில் அவர் செய்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று. அந்த வண்டிகள் 2000-க்குப் பிறகும் எத்தனையோ வருடம் ஓடியிருக்கும். நல்ல பெட்ரோல் வந்த பிறகும், வெளியே பார்த்தால் பெட்டி இருப்பது போலவும், உள்ளே காலியாகவும். நான் டார்ச் பிடித்த வேலை அது.

*

இனி என் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆசை யாரை விட்டது? நண்பர் கொடுத்த நேர்க்குழாயை வாங்கி வந்து, பெட்டியைக் கழற்றி, மாட்டியே விட்டேன். சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எனக்கு நானே சமாதானம். வீட்டு வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். அடடா, என்ன உறுமல்! சோழவரம் பந்தயமே வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி ஒரு பூரிப்பு.

எட்டு வயது மகள் சத்தம் கேட்டு ஓடி வந்து காருக்குப் பின்னால் நின்றாள். ஒரு நொடி மூக்கைச் சுருக்கினாள். அப்புறம் சந்தோஷமாகக் கத்தினாள்: "அப்பா, ஊரு வாசனை வருது!"

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குக் கூட்டிப் போகிறேன். மல்லிகை, மண், காபி என்று என்னென்னவோ அவள் மனதில் ஊர் வாசனையாகப் பதிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு ஊர் என்றால் சாவடியில் நிற்கும் வண்டிகளின் புகை. எரியாத பெட்ரோல்.

எஞ்சினை அணைத்துவிட்டேன்.

அம்மாயி ஞாபகம் வந்தது. நாற்பது வருடம் அந்தச் சாவடி ஓரத்தில் டீ ஆற்றியது. கடைசி வருடங்களில் இருமல் இல்லாமல் ஒரு வாக்கியம் பேச முடியாது. 2009-ல் போய்ச் சேர்ந்தது. இருமலுக்குப் புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அங்கே நின்றவை முக்கால்வாசி டீசல் லாரிகள், அவற்றுக்குப் பெட்டியே கிடையாது. விறகடுப்பும் இருந்தது. ஆனால் அந்த ரோட்டின் ஓரத்தில் மூச்சு விட்டவர்களைப் பற்றி யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். கார் வைத்திருந்தவன் நிற்காமல் போய்விட்டான். புகை நின்றவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு போன் போட்டேன். ஒர்க்‌ஷாப் இப்போது இல்லை, அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பழைய மாருதிக் கதையை ஞாபகப்படுத்தி, என் கார் விஷயத்தையும் சொன்னேன். "நீங்க அன்னிக்குக் கழட்டினீங்கல்லங் மாமா, இப்ப நானும் கழட்டிட்டேன்" என்றேன், ஏதோ ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "ஏங் கண்ணு, அன்னிக்குப் பெட்ரோல் சரியில்ல, பொட்டி செத்துப்போச்சு, கழட்டுனோம். உன்ற ஊர்ல பெட்ரோல் நல்லாத்தானே இருக்குது? பொட்டி ஏன் செத்துதுன்னு பாத்தியா? பொட்டி தானா சாகாது சாமி. எஞ்சின்ல ஏதோ கோளாறு இருக்கோணும். அதப் பாரு மொதல்ல."

பத்தாவது தாண்டாத மாமா சொன்னதுதான் சரி. ஸ்பார்க் பிளக் ஒயர்கள் முப்பது வருடப் பழசு, ஒரு சிலிண்டர் அவ்வப்போது தீப்பிடிக்காமல் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்ரோல் பெட்டிக்குள் போய் எரிந்து, தேன்கூட்டையே உருக்கியிருந்தது. ஆக்சிஜன் சென்சாரும் அவுட். பெட்டி என்பது நோய் அல்ல, நோயைக் காட்டிய நாடி. நேர்க்குழாய் போட்டு நாடியை அறுத்துவிட்டு உடம்பு நன்றாக இருக்கிறது என்று நம்பியிருப்பேன்.

ஒயர், பிளக், சென்சார் மாற்றினேன். அங்கீகாரம் பெற்ற புதுப் பெட்டியும் வாங்கினேன். (தங்கமணி கேட்டால் விலை பாதி என்று சொல்லவும்.) உருளை மேல் மறுபடி ஏற்றினார்கள். மூன்று எண்களும் வரம்புக்கு வெகு கீழே. நேர்க்குழாயை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

*

ஒரு விஷயத்தோடு முடித்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் ரோடியம், பல்லேடியம், பிளாட்டினத்தின் மதிப்பு ஊருக்கே தெரிந்துவிட்டது. 2021-ல் ரோடியம் தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விலைக்குப் போனது. ராத்திரியோடு ராத்திரியாகக் காருக்கு அடியில் புகுந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். கண்டவரிடமும் பழைய பெட்டி வாங்கக் கூடாது என்று 2022-ல் கலிபோர்னியா சட்டமே போட்டது. பழைய இரும்புக்காரர் வேண்டாம் என்று வீசிய அதே தேன்கூடு! காற்றுக்காக இருக்கும்வரை யாருக்கும் அதன் அருமை தெரியவில்லை, காசு என்றதும் திருடன்கூடத் தேடி வருகிறான்.

ஈயப் பெட்ரோலைக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா. 2021-ல் அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். மிட்ஜ்லியின் துளி உலகத்துப் பங்குகளை விட்டுப் போக நூறு வருடம் ஆயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு. இந்த முறை பெருநகரம், சிற்றூர் என்ற பாகுபாடு இல்லை. கோபாலபுரத்துக்கும் சென்னைக்கும் ஒரே பெட்ரோல், ஒரே சட்டம். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரிக் காகிதத்துக்காக லாரிகள் நிற்கும் அவசியமும் போய்விட்டது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மகளைச் சாவடிப் பக்கம் கூட்டிப்போய் நிற்கவேண்டும். அம்மாயி கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு இளநீர்க்காரர் இருக்கிறார். ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டு, "இப்ப என்ன வாசனை வருது?" என்று கேட்கவேண்டும்.